செமாராங்கில் பிறந்தவரும் ஒரு கட்டத்தாளும்



ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் நீண்ட இளஞ்சிவப்புக் கட்டத்தாள் ஒன்றை வகுப்பிற்குக் கொண்டு வந்தான். அவனுடைய தந்தையார் உடற்பரிசோதனைக்குச் சென்றிருந்தபோது எடுத்த ஈ.சி.ஜி. தாள் அது. நலமாக இருக்கிறார் என்று மருத்துவர் கூறிவிட்டதால் பையனுக்கு அச்சம் ஏதுமில்லை. ஐயம் மட்டுமே இருந்தது. தாளின் மேல்மூலையில் அச்சாகியிருந்த எழுத்துகளைக் காட்டி, "ஐயா, இது ஏன் ஆங்கில அகரவரிசையின் முதலெழுத்தில் தொடங்காமல் பி, கியூ, ஆர், எஸ், டி என்று நடுவிலிருந்து தொடங்குகிறது?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. பல ஆண்டுகளாகப் புதிர்ப்போட்டிகளுக்கு வினா தயாரித்து வருபவன் நான். "ஈ.சி.ஜி.யைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பது என் வினாத்தொகுப்பில் நிலையாக இடம்பெற்ற ஒன்று. விடை: வில்லெம் ஐந்தோவன், நெதர்லாந்து, நோபல் பரிசு 1924. இந்த ஒரு வரியைத் தாண்டி அம்மனிதரைப் பற்றி நான் அறிந்ததில்லை. பையனின் வினாவிற்காகத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது அந்த ஒரு வரியே பாதிதான் சரி என்று தெரிந்தது. எனக்கும் அந்தக் கட்டத்தாளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுகிறேன்.

முதலில் வியப்பளித்தது அவருடைய பிறந்த ஊர். ஐந்தோவன் பிறந்தது நெதர்லாந்தில் அன்று. நம் அண்டையிலுள்ள சாவகத் தீவின் செமாராங் நகரில். ஆண்டு 1860, மே 21. அன்று அது டச்சுக்காரரின் குடியேற்றநாடு. தந்தை யாக்கோப் ஐந்தோவன் படைமருத்துவராக வந்து, பின்னர் செமாராங் நகர மருத்துவராகப் பணியாற்றியவர். தாயாரின் தந்தை அக்குடியேற்ற அரசின் நிதித்துறைத் தலைவர். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர் வில்லெம். அவருக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்துபோனார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தாயார் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி உட்ரெக்ட் நகரில் குடியமர்ந்தார்.

1878இல் அவர் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். தந்தையைப் போல மருத்துவராகி மீண்டும் சாவகம் திரும்புவதே எண்ணம். படகோட்டம், வாட்போர், உடற்பயிற்சி மூன்றிலும் ஆர்வமுடையவர். மாணவர் படகோட்டக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். விளையாட்டின்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்டுக் கிடந்த அந்த நாள்களில் முன்கை எவ்வாறு திரும்புகிறது, முழங்கை மூட்டு அதற்கு எவ்வாறு இடங்கொடுக்கிறது என்று ஆராயத் தொடங்கியதே அவருடைய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்றாயிற்று. விளையாட்டில் கையை முறித்துக்கொண்டு வரும் நம் பிள்ளைகளைப் பார்த்து நாம் வேறு விதமாகவே பேசுகிறோம்!

1885இல் முனைவர் பட்டம். அதே ஆண்டில் லைடன் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். வயது இருபத்தைந்து. சாவகம் திரும்பும் எண்ணம் அத்துடன் நின்றது. இறக்கும் வரை லைடனிலேயே இருந்தார்.

இனி, என் வினாத்தொகுப்பு எங்கே தவறியது என்பதற்கு வருகிறேன். மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலாகப் பதிவுசெய்தவர் ஐந்தோவன் அல்லர். 1887இல் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அதனைச் செய்து வெளியிட்டவர் அகஸ்டஸ் வாலர். அவர் கையாண்ட கருவி லிப்மன் என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் உருவாக்கிய நுண்குழாய் மின்மானி. மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசமும் கந்தக அமிலமும் இருக்கும். மின்னழுத்தம் மாறினால் பாதரசத்தின் விளிம்பு ஏறியிறங்கும். அந்த அசைவை ஒளிப்படமாக்குவர். 1889இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடலியங்கியலாரின் முதல் அனைத்துலக மாநாடு நடந்தது. அங்கே வாலர் செய்துகாட்டியதைப் பார்த்தவர்களுள் இருபத்தொன்பது வயது ஐந்தோவனும் ஒருவர்.

வாலருக்கு ஜிம்மி என்னும் புல்டாக் நாய் ஒன்று இருந்தது. அதன் கால்களை உப்புநீரில் நிற்க வைத்து இதய மின்னோட்டத்தை அவர் பலருக்கும் காட்டுவார். 1909இல் இது விலங்குவதை அன்றோ என்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் வினா எழுப்பிவிட்டார். கடலோரத்தில் கால் நனைத்து நடந்த அனுபவம் உறுப்பினருக்கு இருந்தால் அந்த நாயின் உணர்வை நன்றாகவே அறிவார் என்று உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் விடையிறுத்தார். பாடத்திற்கு இடையே பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை.

பாதரசக் கருவிக்கு ஒரு குறை இருந்தது. பாதரசம் கனமானது. இதயத்தின் மின்மாற்றமோ நொடியின் சிறு பின்னத்தில் நிகழ்ந்து முடிவது. அளவிலும் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டே. விரைவாக எழுந்து விழும் அலையைப் பாதரசம் தொடர முடியாமல் பின்தங்கியது. பதிவில் கிடைத்தது இதயத்தின் உண்மை வடிவம் அன்று. பாதரசத்தின் சோம்பல் கலந்த வடிவம். ஐந்தோவன் இங்கேதான் தம் தனித்தன்மையைக் காட்டினார். கருவி எவ்வளவு பின்தங்குகிறது என்பதை அளந்து, அதற்கான கணக்கை வகுத்து, பதிவான கோட்டிலிருந்து உண்மைக்கோட்டைக் கணித்து வரைந்தார். 1895இல் வெளியான அந்த ஆய்விலேதான் மாணவனின் வினாவிற்கு விடை இருந்தது. திருத்தப்படாத கோட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு அகரவரிசையின் முதல் நான்கு எழுத்துகள் ஏற்கெனவே பயன்பட்டிருந்தன. கணக்கால் திருத்திய கோட்டை அதனுடன் குழப்பிக்கொள்ளாமலிருக்க வேறு எழுத்துகள் வேண்டியிருந்தன. பி, கியூ, ஆர், எஸ், டி என்று குறித்தார். குறிப்பாகப் பி என்னும் எழுத்தை ஏன் தேர்ந்தார் என்பதற்கு, வளைகோட்டின் புள்ளிகளை அவ்வெழுத்திலிருந்து குறிக்கும் வழக்கம் டெக்கார்ட்டின் வடிவியலிலிருந்து வந்தது என்று வரலாற்றாய்வாளர் சிலர் காரணம் காட்டுகின்றனர். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

ஒவ்வொரு பதிவிற்கும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நோயாளிக்குப் பயனில்லை. கணக்குத் தேவைப்படாத கருவி வேண்டும். 1901இல் அவர் வெளியிட்டதும் 1903இல் விரிவாக எழுதியதும் அத்தகைய கருவியைப் பற்றியே. அதனை இழைக் கால்வனோமானி என்று கூறலாம். வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய குவார்ட்சு இழை. அதன்மேல் வெள்ளிப் பூச்சு. இதயத்தின் மின்னோட்டம் இழைவழிச் செல்லும்போது காந்தப்புலம் அதனை ஒருபுறமாகத் தள்ளும். இழைக்கு எடையே இல்லை எனலாம். ஆதலால் அது பின்தங்குவதில்லை. அந்த இழை உருவான விதமும் வியப்பிற்குரியது. குவார்ட்சை உருக்கி, அது இறுகுமுன் அம்பில் பிணைத்து எய்வார்கள். அம்பு பறக்கும் வேகத்தில் இழை நீளும். இழையின் அசைவை நுண்ணோக்கி பெருக்கிக் காட்ட, வில்விளக்கின் ஒளியில் அதன் நிழல் நகரும் ஒளிப்படத் தகட்டில் விழும்.

கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. மின்காந்தம் சூடாகாமலிருக்க ஓயாமல் நீர் ஓட வேண்டும். இயக்குவதற்கு ஐவர். பரிசோதிக்கப்படுபவர் இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். ஆனால் பதிவான கோடு தெளிவாக இருந்தது. 1895இல் அவர் கணக்கால் வரைந்த கோட்டுடன் பொருந்தியும் இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தாளில் கணித்த வடிவம் இழையின் நிழலாகத் தகட்டில் விழுந்ததைக் கண்ட அந்த நாள் எத்தகைய நாளாக இருந்திருக்கும்! அவர் பயன்படுத்திய அளவுகோலும் இன்றுவரை மாறவில்லை: ஒரு மில்லிவோல்ட்டிற்கு ஒரு சென்டிமீட்டர் உயரம், ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் நீளம்.

இக்கருவிக்கும் முன்னோடி உண்டு. பிரான்சின் கிளெமன்ட் அடேர் 1897இல் கடலடித் தந்திக்காக மெல்லிய கம்பியைக் கொண்ட மின்மானி ஒன்றைச் செய்திருந்தார். ஐந்தோவன் தம் 1901ஆம் ஆண்டுக் கட்டுரையில் அடேரின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்த நேர்மை பின்னர் அவருக்கே இழப்பாயிற்று. கருவியை விற்பனைக்குச் செய்த மியூனிக் நகர எடல்மன் முதலில் உரிமத்தொகை செலுத்திவந்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஐந்தோவன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனத்தை நாடினார். அதனை நடத்தியவர் ஹோரஸ் டார்வின். படிவளர்ச்சிக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன்.

270 கிலோ எடையுள்ள கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல இயலாது. படுத்த படுக்கையான நோயாளியை ஆய்வகத்திற்குக் கொண்டு வரவும் இயலாது. இரண்டிற்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர் தொலைவு. ஐந்தோவன் தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தினார். நோயாளி மருத்துவமனையில், இழை ஆய்வகத்தில், நடுவே கம்பி. 1905 மார்ச் 22இல் முதல் பதிவு. அன்று பதிவானது நோயாளியின் இதயம் அன்று. நல்ல உடல்நலமுள்ள ஒருவருடையது. ஆர் அலை வழக்கத்தினும் உயரமாக இருந்ததற்கு, அவர் ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு மிதிவண்டியில் விரைந்து சென்றதே காரணம் என்று கருதப்பட்டது. இதயத்துடிப்பு கம்பியில் ஊர் கடந்து சென்ற இம்முயற்சியைப் பற்றி அவர் 1906இல் எழுதிய கட்டுரை இன்றைய தொலைமருத்துவத்தின் முதற்பக்கம் எனலாம்.

நான் மேலே கூறிய பழைய கணக்கு இங்கே வருகிறது. 1974இல் என் தந்தையார் காலமானார். பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றார். தோட்டத்து டிரெசர் வாயுக்கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார். அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. டிரெசரையும் குறைகூற என்னால் இயலவில்லை. அவர் கையில் இருந்தது காதில் மாட்டும் ஒலிமானி ஒன்றே. தோட்டத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. அது அலுவலகத்தில் பூட்டிய அறைக்குள் இருந்தது. ஒரு தொலைபேசிக் கம்பியைக் கொண்டு லைடனில் என்ன செய்தார்கள் என்பதை இப்போது படித்தபோது ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தேன். 1905, 1974. அறுபத்தொன்பது ஆண்டுகள். சற்றுநேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

1906ஆம் ஆண்டின் அக்கட்டுரைக்கும், 1908இல் வந்த அதன் தொடர்ச்சிக்கும் மருத்துவ வரலாற்றில் பெரிய இடம் உண்டு. இதயத்தின் மேலறை, கீழறைகளின் தசை பருத்திருத்தல், இயல்புக்கு முன்னே வந்துவிடும் துடிப்பு, மேலறையின் செய்தி கீழறைக்கு எட்டாத முழு இதய அடைப்பு எனப் பல நிலைகளை அவர் கோட்டின் வடிவாலேயே அடையாளம் காட்டினார். காலமும் அவருக்குக் கைகொடுத்தது. அதே 1906இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா, ஜெர்மனியில் பணியாற்றியபோது, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள மின்கடத்தும் முடிச்சை விளக்கினார். மறு ஆண்டில் இங்கிலாந்தின் கீத், பிளாக் இருவரும் துடிப்பு தொடங்கும் முடிச்சைக் கண்டறிந்தனர். ஐந்தோவனின் கோடுகளுக்கு உடற்கூற்றில் பொருள் கிடைத்துவிட்டது. பி என்பது மேலறைகள் தூண்டப்படும் அலை. கியூ, ஆர், எஸ் மூன்றும் கீழறைகளுடையவை. டி என்பது கீழறைகள் மீண்டும் அமைதிநிலைக்குத் திரும்பும் அலை.

ஐந்தோவன் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் அல்லர். கோட்டைப் படுக்கையருகே கொண்டு சென்றவர் இலண்டனின் தாமஸ் லூயிஸ். இருவருக்கும் 1908 முதல் கடிதப்போக்குவரத்து இருந்தது. நாடித்துடிப்பு ஓர் ஒழுங்குமின்றித் தாறுமாறாக ஓடும் நோயாளிகளை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர், காரணம் புரியவில்லை. 1909இல் அது மேலறைகளின் நடுக்கத்தால் வருவது என்று லூயிஸ் ஈ.சி.ஜி.யைக் கொண்டு நிறுவினார். வியன்னாவின் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் இருவரும் அதே ஆண்டில் அதே முடிவிற்கு வந்தனர். லூயிஸ் 1911இல் வெளியிட்ட இதயத்துடிப்பின் இயக்கம் பற்றிய நூல் ஒரு தலைமுறை மருத்துவரைப் பயிற்றுவித்தது. அதே 1911இல் வாலரோ, இம்முறை மருத்துவமனையில் பரவலாகப் பயன்படும் என்று தமக்குத் தோன்றவில்லை என்று கூறியிருந்தார். முதற்பதிவு செய்தவருக்கே அதன் எதிர்காலம் தெரியவில்லை. இதில் வாலரைக் குறைத்து மதிப்பிட ஒன்றுமில்லை. அன்றைய கருவியின் பருமனைப் பார்த்த எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பர்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 1912இல் இலண்டனில் ஆற்றிய உரையில் ஐந்தோவன், வலக்கை, இடக்கை, இடக்கால் மூன்றையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளாகவும், இதயத்தை அதன் நடுவிலும் வைத்துக் காட்டினார். மூன்று பக்கங்களும் மூன்று பதிவுகள். முதற்பதிவின் அளவையும் மூன்றாம் பதிவின் அளவையும் கூட்டினால் இரண்டாம் பதிவின் அளவு வரும். மனித உடல் சமபக்க முக்கோணமாக இல்லை என்று பின்வந்தோர் குறை கூறியது உண்மை. ஆயினும் ஐந்தோவன் முக்கோணம் இன்றும் மருத்துவ மாணவர் முதலில் கற்கும் படம். அதன்மேல்தான் மற்றவர் கட்டினர். அமெரிக்காவின் பிராங்க் வில்சன் 1934இல் வகுத்த முறையால் மார்பின் மீதான ஆறு பதிவுகள் வந்தன. 1942இல் கோல்ட்பெர்கர் மேலும் மூன்று சேர்த்தார். மூன்று, ஆறு, மூன்று: இன்றைய பன்னிரண்டு பதிவுகள். மாரடைப்பின்போது கோட்டில் தோன்றும் மாற்றத்தை 1920இல் நியூயார்க்கின் பார்டீ விளக்கினார். 1928இல் கருவி 23 கிலோ அளவிற்கு இளைத்து, மோட்டார்வண்டி மின்கலத்தால் இயங்கத் தொடங்கியது.

1924இல் நோபல் பரிசுச் செய்தி வந்தபோது ஐந்தோவன் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசுரையை 1925 டிசம்பரில்தான் ஆற்றினார். அவ்வுரையில் லூயிஸின் உழைப்பு இல்லாதிருந்தால் தாம் அவ்விடத்தில் நின்றிருப்போமா என்பது ஐயமே என்று வெளிப்படையாகக் கூறினார். பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்திருக்கலாம் என்பது என் எண்ணம். வாலருக்கு அவ்வாய்ப்பே இல்லை. அவர் 1922இலேயே மறைந்துவிட்டார்.

ஐந்தோவனின் மகனும் வில்லெம் என்ற பெயருடையவரே, மின்பொறியாளர். இழையை வெற்றிடத்தில் வைத்து இன்னும் நுட்பமாக்கியதில் பெரும்பங்கு அவருடையது. தந்தை திரும்ப எண்ணித் திரும்பாத சாவகத்திற்கு மகன் சென்றார். பாண்டுங் நகரில் வானொலி ஆய்வகத்தின் இயக்குநரானார். தந்தை 1927 செப்டம்பரில் லைடனில் காலமானார். மகன் 1945இல் ஜப்பானியரின் காவலில் உயிரிழந்தார். நம் பாட்டன்மார் சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட அதே போர்.

வினாத்தொகுப்பில் அந்த வினாவை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது அது நான்கு வினாக்களாக உள்ளது. வாலர், ஐந்தோவன், தவாரா, லூயிஸ் நால்வரும் இருக்கின்றனர். விரும்பும் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மாணவனிடம் விடையைக் கூறியபோது மற்றப் பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டனர். தாளைக் கரும்பலகையில் ஒட்டி, ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு நிமிடத்திற்கு எத்தனை பெரிய கட்டங்கள் என்று கேட்டேன். பெரிய கட்டம் ஐந்து மில்லிமீட்டர். சற்று முணுமுணுத்துவிட்டு, "முந்நூறு, ஐயா" என்றனர். ஓர் ஆர் அலைக்கும் அடுத்த ஆர் அலைக்கும் நடுவே எத்தனை கட்டம் என்று எண்ணச் சொன்னேன். பையன் தாளருகே சென்று விரலை வைத்து எண்ணினான். நான்கு. முந்நூற்றை நான்கால் வகுத்து, "என் அப்பாவுக்கு எழுபத்தைந்து, ஐயா" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கவனமாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.